மூணாவது கோரிக்கை

ஏனுங்க, இந்தப் பையை நகத்துனது நீங்களா?

இல்லீங்களா? கால் பட்டிருக்கும்னு சொல்றீங்க. சரி, பட்டிருக்கலாம். ஆனா கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பையைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு தெரியுதுங்களா? அது நான் போட்டது. கரூர்ல ஏறி உக்காந்த உடனே போட்டுட்டேன். இப்ப பை கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை வெளிய வந்திருக்குது. வண்டி பிரேக் போட்டா முன்னாலதான் வரும். இது பக்கவாட்டுல வந்திருக்குது. அரவக்குறிச்சில நான் டீ குடிக்க எறங்குனது நாலு நிமிசம். அந்த நாலு நிமிசமும் இந்த சீட்டுல நீங்க மட்டுந்தான் இருந்தீங்க.

கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன்.

எங்க, திண்டுக்கல்லா? ஓ, வத்தலக்குண்டு. கல்யாணத்துக்கு. அந்தப் பொட்டலத்துல என்னங்க, கடிகாரமா? ஆமா, கடிகாரம்னா இந்த அகலந்தான் இருக்கும். நம்பறேன். கல்யாணத்துக்குப் போறவரு சட்டைப்பையில எதுக்கு ரெண்டு பேனா, அதுல ஒண்ணு சிவப்புன்னுதான் யோசிச்சேன். வக்கீல் குமாஸ்தாவா இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் எந்திரிச்சுப் பின்னால போயிக்கறேன்.

வாத்தியாருங்களா! அப்படிச் சொல்லுங்க. எந்தப் பள்ளிக்கூடம்? அட, அந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் எங்க பட்டறைக்குப் போற வழி. சரிங்க, வாத்தியாருன்னா பேசலாம்.

எம் பேரு செங்கோட்டுவேலு. பஸ் பாடி கட்டற பட்டறைல போர்மேன். இருபத்தாறு வருசம் ஆச்சு. இந்த வண்டி எங்க பட்டறைல கட்டுனது இல்லீங்க. எங்க வண்டியா இருந்தா இந்த ஜன்னல் இப்படி லொடலொடன்னு ஆடாது. இந்த மூலைல பாருங்க, நாலு ரிவிட் அடிக்க வேண்டிய எடத்துல மூணு அடிச்சிருக்கறான். அந்த நாலாவது ரிவிட்டு எங்க போச்சு? எவன் பையில போச்சு? யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேப்பேன். அதான் எனக்குக் கெட்ட பேரு.

பையில என்ன இருக்குதுன்னு நீங்க கேக்கலை. ஆனா கேக்கணும்னு நினைக்கறீங்க. மனு இருக்குது. ஜீவனாம்சச் சட்டத்தைத் திருத்தணும்னு நாங்க ஒரு இயக்கம் நடத்தறோம். மணமுறிவு பெற்ற கணவர் நலச் சங்கம். நான் கரூர்க் கிளைச் செயலாளரு. மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கூடுவோம், ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி ஹால்ல. சிரிக்காதீங்க, மண்டபத்துக்காரரே எங்க உறுப்பினரு. முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து சும்மா குடுக்கறாரு.

மனுவுல அஞ்சு கோரிக்கை. மத்தது எல்லாம் எங்க தலைவர் நல்லசிவம் சார் எழுதுனது. தாலுகா ஆபீசுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, எழுத்து அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மூணாவது மட்டும் நான் எழுதுனது. படிக்கறேன் கேளுங்க. ‘சுயமாகச் சம்பாதிக்கும் மனைவிக்கு வழங்கப்படும் ஜீவனாம்சம் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.’ அவரு ‘படிப்படியாக’ன்னு போட்டிருந்தாரு. நான் விடலை. அதென்ன படிப்படியா? யாருக்கு மாடி ஏறணும்? உடனடியாகன்னு போட வெச்சேன். அந்த வார்த்தைக்காக ரெண்டு கூட்டம் சண்டை போட்டிருக்கறனுங்க.

ஒரு கையெழுத்துப் போடறீங்களா? யோசிக்கறீங்க. யோசிங்க, யோசிங்க. வாத்தியாருங்க எல்லாம் யோசிச்சுட்டுக் கடைசில போட மாட்டாங்க. பொதுவாச் சொல்றேன்.

பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் விக்கற ஒரு அம்மாகிட்டக்கூட இதை நீட்டுனேன். பொம்பளைங்க கையெழுத்து இருந்தா டெல்லில மதிப்பாங்கன்னு நல்லசிவம் சார்தான் சொன்னாரு. அந்தம்மா என்ன கேட்டுது தெரியுங்களா? ‘எம் புருசன் கூட இருக்கறப்பவே ஒரு பைசா தந்ததில்லை சாமி. அதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குதா, அதுல வேணாப் போடறேன்’னுச்சு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. கொய்யாப்பழம் விக்கறவங்களுக்கு இப்படிப் பேச வருமா? யாரோ சொல்லிக்குடுத்து உக்கார வெச்சிருக்கறாங்க. அடுத்த நாளு போய்ப் பாத்தேன், அதே எடத்துல அதே கூடையோடதான் இருந்துது. ஆனாலும் சந்தேகந்தான்.

எங்கதையைச் சொல்லட்டுங்களா? வேடசந்தூர் வர இன்னும் அரை மணி நேரம் இருக்குது. நீங்களும் வேற என்ன பண்ணப் போறீங்க.

கலாமணின்னு பேரு. என் வீட்டுக்காரி. வீட்டுக்காரியா இருந்தா. பதினோரு வருசம். குழந்தை இல்லை. சண்டை கிண்டைன்னு ஒண்ணும் கிடையாதுங்க. நான் குடிக்க மாட்டேன், கை நீட்டுனதில்லை. வேலை விட்டா வீடு. பட்டறைல நீங்க யாரை வேணாக் கேளுங்க.

எங்க பட்டறைல ஒரு பழக்கம். சுவத்துல ஒரு பெரிய பலகை இருக்கும். ஒவ்வொரு ஸ்பேனரும் சுத்தியலும் தொங்கற எடத்துல, அது என்ன வடிவமோ அதே வடிவத்தைச் சுத்தி வரைஞ்சிருப்போம். சாமானை எவனாச்சும் எடுத்தா, அந்த வெத்து எடம் காட்டிக்குடுத்துரும். தேட வேண்டியதில்லை, சத்தம் போட வேண்டியதில்லை. அதே மாதிரி தகட்டுல கோடு போட மாக்கல்லு வெச்சிருப்போம். பென்சில் மாதிரிச் சீவி, காதுல செருகிக்குவோம். இப்பவும் எங்கிட்ட இருக்குது பாருங்க. இதுலதான் பையைச் சுத்திப் போட்டது.

அந்தப் பழக்கத்துல, வீட்டுல வாசக்கதவுக்கு உள்பக்கம் அவ செருப்பு கிடக்கும்ல, அதைச் சுத்தி ஒரு கோடு போட்டேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, கோடு அழகா விழும். காலைல நான் வேலைக்குக் கிளம்பறப்பப் போடுவேன், சாயந்தரம் வந்ததும் பாப்பேன். செருப்பு கோட்டுக்குள்ள இருந்தா, அவ வெளிய போகலை. அவ்வளவுதான். அது சந்தேகம் இல்லீங்க, தொழில். வெறுங்காலோட போயிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் அதை யோசிக்காம இருப்பனா? அதுக்குத்தான் சாயந்தரம் அவ காலைப் பாத்துக்குவேன். தரையைத் துடைக்கறப்ப அவளே அந்த எடத்தை மட்டும் விட்டுட்டுத் துடைச்சுருவா. ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்லை. மனசுல தப்பு இல்லாதவ கேட்டிருக்கணுமா இல்லீங்களா?

ஒன்பது வருசம் செருப்பு கோட்டை விட்டு நகரலைங்க. ஒரு நூல் கூட நகரலை.

அப்புறம் ஒரு நாளு, ஆடி மாசம், ஆறரைக்கு வீட்டுக்கு வர்றேன். செருப்பு இருக்குது, கோட்டுக்குள்ளயே இருக்குது. சரி, வீட்டுலதான் இருக்கறான்னு சேர்ல உக்காந்து ‘கலா, காப்பி’ன்னேன். பதில் இல்லை. பாத்ரூம்ல இருப்பான்னு நினைச்சேன். பேப்பரைப் படிச்சு முடிச்சேன். மறுபடி கூப்புட்டேன். ஏதோ கோவம் போலன்னு நினைச்சேன். செருப்பு இருக்குதே, ஆளு எங்க போகும்? இப்படி முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தனுங்க. லைட்டுக்கூடப் போடலை. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா அவ துணிமணி இல்லை, தகரப்பெட்டி இல்லை. புதுச் செருப்பு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு, பழசைக் கோட்டுக்குள்ள வெச்சுட்டுப் போயிருக்கறா. இப்படி ஒரு மோசடி எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா?

இன்னும் கேளுங்க. வீட்டைத் துழாவறப்ப அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு டப்பா கெடைச்சுது. பள்ளிக்கூடத்து சாக்பீஸ் டப்பா. முக்காவாசி தீந்து போயிருந்துது. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவ தெனமும் வெளிய போயிருக்கறா. வந்து செருப்பைக் கழட்டி வெச்சு, கோடு கலைஞ்சிருந்தா அவளே புதுசாப் போட்டிருக்கறா. நீங்க வாத்தியாரு, உங்களுக்குத் தெரியும். மாக்கல்லுக் கோடு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், சாக்பீஸ் பளிச்சுன்னு இருக்கும். பாத்தாலே தெரியும்ல? தெரியும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியலைங்க. இருபது வருசத்துக்கு மேல கோடு போட்டே சோறு திங்கறவன், என் வீட்டு வாசல்ல கிடக்கற கோடு யாரு போட்டதுன்னு தெரியலை.

ஆனா ஒண்ணு. நான் சந்தேகப்பட்டது சரின்னு அன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சு.

அந்த டப்பாவைக் கோர்ட்டுல காட்டுனேன். ஜட்ஜம்மா அவகிட்டக் கேட்டாங்க, ‘எங்கம்மா போவீங்க?’ன்னு. அதுக்கு அவ, ‘எங்கயும் இல்லீங்கம்மா. தெருக்கோடி வரைக்கும் போவேன். அங்க ஒரு வேப்பமரம் இருக்குது. சித்த நேரம் நின்னுட்டு வந்துருவேன்’னா. ஜட்ஜம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. எனக்குச் சாதகமாப் போகுதுன்னு நினைச்சேன்.

அந்த வேப்பமரத்துக்கும் போனேன். மூணு நாளு அவ சொன்ன நேரத்துக்குப் போய் நின்னு பாத்தேன். ஒண்ணுமில்லை. எதுக்க ஒரு மாவு மில்லு. மில்லுக்காரருக்கு எழுபது வயசு, ஒரு கண்ணுல புரை. ஒருத்தி அங்க எதுக்குங்க தெனமும் போய் நிக்கணும்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் விடை கெடைக்கலை.

சரி, தீர்ப்பாயிடுச்சு. விவாகரத்து. மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள ஜீவனாம்சம் குடுக்கணும். அவ பொறந்த ஊரு திண்டுக்கல்லுப் பக்கம், அங்க போயிட்டா. பேங்குல போட்டுருங்கன்னு அவ வக்கீலம்மா ஜெபகனி சொன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். பேங்குல போட்டா நாளைக்கு வரலைம்பா, கம்ப்யூட்டர்ல தப்பும்பாங்க. கையில குடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, எங்கண்ணு முன்னால கையெழுத்து வாங்கணும்னு மனு போட்டு வாங்கிட்டேன். அஞ்சு வருசமா அப்படித்தான். ஒவ்வொரு அஞ்சாம் தேதியும் பட்டறைக்கு லீவு. இதே வண்டி, ஆறே காலுக்கு. பதினோரு மணிக்கு ஜெபகனியம்மா ஆபீசு. நான் இந்தப் பக்கம் பெஞ்சு, அவ அந்தப் பக்கம் பெஞ்சு. நான் கவரைக் குடுப்பேன், அவ ஸ்டாம்பை நாக்குல தொட்டு ஒட்டி, கையெழுத்துப் போடுவா. மூணு நிமிசம். அவ்வளவுதான்.

சட்டை புதுசுங்களான்னா கேட்டீங்க? ஆமாங்க, புதுசுதான். கோர்ட்டு விசயம்னா நாம சுத்தபத்தமாப் போகணும்ல. அழுக்குச் சட்டையோட போனா அதையும் ஒரு பாயிண்டாப் பிடிச்சுக்குவாங்க.

அந்த மூணு நிமிசத்துலதான் நான் கண்டுபிடிச்சேன். ரெண்டு வருசம் முந்தி ஒரு அஞ்சாம் தேதி, அவ சேலை முந்தானைல பச்சை நூலு ஒட்டி இருந்துது. அடுத்த மாசம் மஞ்ச நூலு. அதுக்கு அடுத்த மாசம் கட்டைவெரல்ல ஊசி குத்துன தழும்பு. தைக்கறா! சம்பாதிக்கறா! அங்க இருந்து பொறந்ததுதாங்க அந்த மூணாவது கோரிக்கை.

சும்மா சொன்னா ஆச்சா, சாட்சி வேணும்ல. சனிக்கிழமை சனிக்கிழமை திண்டுக்கல்லுக்குப் போக ஆரம்பிச்சேன். நாகல் நகர்ல சின்னதா ஒரு தையக்கடை. எதுக்க டீக்கடை. காலைல ஒன்பது மணிக்குப் போய் உக்காந்தா, சாயந்தரம் அவ ஷட்டரை எறக்கற வரைக்கும். ஒரு நோட்டுப் போட்டு எல்லாத்தையும் எழுதுனேன், தேதியோட, மணியோட. ஒன்றரை வருசம். டீக்கடைக்காரரு என்னைக் கண்டாலே சக்கரை கம்மியாப் போட்டு வெச்சிருவாரு. அவருக்கு நான் என்ன வேலையா வர்றேன்னு சொல்லலை. அவரும் கேக்கலை. அதுவும் எனக்குக் கொஞ்சம் இடிச்சுது.

நோட்டை எடுத்துட்டுப் போய்ச் சங்கக் கூட்டத்துல வெச்சேன். நல்லசிவம் சார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரிப் படிச்சாரு. ‘ஒன்பது பத்து, வந்தாள். குடை கொண்டு வரவில்லை, மழை வரும் போலிருக்கிறது. பதினொன்று இருபது, இருமல். போன வாரமும் இருமினாள். ஒன்றரை, சாப்பிட்டாள், தயிர்ச்சோறு, பாதியை மூடி வைத்தாள். மூன்று ஐந்து, பக்கத்துக் கடைப் பெண் ஏதோ சொல்ல, சிரித்தாள்.’ அப்படியே நிறுத்திட்டு, கண்ணாடியைக் கழட்டுனாரு. ‘ஏம்ப்பா செங்கோட்டுவேலு, இதுல எத்தனை ஜாக்கெட் தெச்சா, எவ்வளவு வாங்குனான்னு ஒரு வரி இல்லையே. இதை எந்தக் கோர்ட்டுல குடுக்கறது?’ன்னாரு. மண்டபத்துக்காரரு மட்டும் எந்திரிச்சு வந்து தோள்ல கையை வெச்சாரு. எனக்கு நல்லசிவம் சார் மேல அன்னைக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. முக்கியமான சாட்சியைச் சபைல வெச்சுக் கேலி பண்றாருன்னா, எதிர்ப்பக்கத்துல இருந்து யாரோ பேசியிருக்கறாங்க. எவ்வளவு பெரிய சங்கமா இருந்தா என்ன, ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

அவ சிரிச்சதை எழுதுனது தப்பாங்க? பதினோரு வருசத்துல நான் பாக்காத சிரிப்பு. தலையைப் பின்னால சாச்சுச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சா, யாரு சொல்லிச் சிரிச்சா, அது சாட்சி இல்லையா?

வேடசந்தூர் வந்துருச்சுங்க. இல்லீங்க, நான் எறங்கலை. பை இருக்குதுல்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மூணு மாசம் முந்தி ஒரு சனிக்கிழமை, சித்திரை வெயிலு. டீக்கடையைப் பூட்டியிருந்தாரு, ஏதோ விசேசம். நான் ஒரு கரண்டுக் கம்பத்தை ஒட்டி நிக்கறேன். அவ ஷட்டருக்கு வெளிய வந்தா. ரோட்டைத் தாண்டி நேரா எங்கிட்ட வந்தா. நான் திரும்பி நின்னுக்கிட்டேன். ‘ஏனுங்க’ன்னா. அப்படித்தாங்க கூப்புட்டா, முன்ன கூப்பிடற மாதிரியே. ‘ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து வேணாப் பாத்துட்டுப் போங்க. ரெண்டு மெசினு இருக்குது. நானும் இன்னொரு பொண்ணும் தைக்கறோம். ஒண்ணும் மறைக்கலை’ன்னா.

நான் உள்ள போவனா? உள்ள கூப்புட்டு வெச்சுக்கிட்டு, அத்துமீறி நுழைஞ்சான்னு கேஸ் போட்டா? அசையலையே நான்.

அவ அங்கயே நின்னா. ‘உங்களுக்கு என்னதாங்க தெரியணும்? கேளுங்க. எதைக் கேட்டாலும் சொல்றேன்’னா.

எதைக் கேட்டாலும் சொல்றாளாம்! ஒன்பது வருசக் கோடு, சாக்பீஸு, வேப்பமரம், பழைய செருப்பு, எல்லாத்தையும் கேட்டிருக்கலாம். அப்படி ஒரு சந்தர்ப்பம் எவனுக்குங்க கெடைக்கும்? எனக்கு ஒரு கேள்வியும் வரலை. ‘இருமல் தேவலையா?’ன்னு கேட்டேன்.

அவ என்னையே பாத்தா. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, வெயிலாக்கூட இருக்கலாம். அப்புறம் திரும்பிப் போயி ஷட்டரைப் பாதி எறக்கிட்டா. எதையோ மறைக்கறான்னு நோட்டுல எழுதிக்கிட்டேன்.

போன வாரம் பட்டறை விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு. கோர்ட்டுல இருந்து. பிரிச்சா, அவ போட்ட மனு, இன்னைக்கு விசாரணைன்னு போட்டிருக்குது. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, சொல்றேன். ‘எதிர்மனுதாரரிடமிருந்து மாதந்தோறும் பெற்றுவரும் ஜீவனாம்சம் இனி எனக்குத் தேவையில்லை. எனது உழைப்பில் வாழ்ந்துகொள்கிறேன். மாதந்தோறும் நேரில் சந்தித்து ரசீது தரும் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

இதை எப்படிங்க நம்பறது? வர்றதை யாராச்சும் வேணாம்பாங்களா? மொதல்ல, வேற கல்யாணம் பண்ணிக்கப் போறாளோன்னு பாத்தேன். விசாரிச்சேன், அப்படி ஒண்ணும் இல்லை. அப்புறம் ஜெபகனியம்மாவுக்குப் போன் போட்டேன். ‘அவங்களுக்கு நிம்மதி வேணுமாம், அவ்வளவுதான் சார்’னாங்க. நிம்மதின்னா என்னங்க அர்த்தம்? சட்டத்துல எந்தப் பிரிவு அது?

சங்கத்துக்குச் சொன்னேன், ஏதாச்சும் வழி சொல்லுவாங்கன்னு. நல்லசிவம் சாருக்கு ஒரே குஷி. ‘நம்ம இயக்கத்துக்கு மொத வெற்றிய்யா! உன்னோட மூணாவது கோரிக்கை சட்டமாகறதுக்கு முந்தியே பலிச்சிருச்சு’ங்கறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குப் பாராட்டுக் கூட்டம் வெச்சிருக்கறாங்க. பொன்னாடை வாங்கியாச்சாம். நீ எந்திரிச்சு நாலு வார்த்தை பேசணும்ங்கறாரு. நான் என்னத்தைங்க பேசறது?

மூணு நாளாத் தூக்கம் இல்லை. ஏன்னு எனக்கே புரியலை. நான் கேட்டதுதான நடக்குது? உடனடியாகன்னு நாந்தான எழுதுனேன்? உங்ககிட்டச் சொன்னா என்ன, வத்தலக்குண்டுல எறங்கிப் போயிருவீங்க. பயமா இருக்குதுங்க. நெசமாச் சொல்றேன், பயமா இருக்குது. இன்னைக்கு ஜட்ஜம்மா அந்த மனுவை ஏத்துக்கிட்டாங்கன்னு வைங்க, அடுத்த மாசம் அஞ்சாம் தேதி நான் எங்கங்க போறது?

என்ன கேட்டீங்க? பையில மனு மட்டுந்தானான்னா? பாத்தீங்களா, நீங்க பையைத் திறந்திருக்கறீங்க. இல்லையா? மேல துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுதா? சரி விடுங்க. அடில நூஸ்பேப்பர்ல சுத்தி இருக்கறது அவ செருப்புதான். ஆமாங்க, அதே செருப்பு. அன்னைல இருந்து அந்தக் கோட்டுக்குள்ளயேதான் கெடந்துச்சு. பெருக்கறப்ப நானும் அந்த எடத்தை விட்டுட்டுத்தான் பெருக்குவேன். கோடு மங்குனா மறுபடி போட்டுருவேன். சாட்சி கலையக்கூடாதுல்ல. காலைல இருட்டோட அதை எடுத்துப் பையில வெச்சேன். வாசல்ல வெறும் கோடு மட்டும் கெடந்துது. பாக்கச் சகிக்கலைங்க. சட்டுனு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னு கேக்காதீங்க. காட்டலாம்னுதான். ஜட்ஜம்மாவுக்கா அவளுக்கான்னு இன்னும் முடிவு பண்ணலை.

தோ, பைபாஸ் பாலம் ஏறுது. இன்னும் பத்து நிமிசந்தான்.

என்ன, பேனாவை எடுக்கறீங்க? கையெழுத்துப் போடறீங்களா? இவ்வளவு நேரம் யோசிச்சுட்டு இப்ப எதுக்குங்க திடீர்னு? வேண்டாங்க. குடுங்க அந்தத் தாளை. குடுங்கன்னா. இன்னைக்கு வேண்டாம். உங்களை யாரோ இந்த சீட்டுல உக்காரச் சொல்லித்தான் அனுப்பியிருக்கறாங்க, எனக்கு அரவக்குறிச்சிலயே தெரியும்.

கோவிச்சுக்காதீங்க. பொதுவாச் சொல்றேன்.

இன்னைக்கு நான் வக்கீல் வெச்சுக்கலைங்க. நானே எந்திரிச்சு ஜட்ஜம்மாகிட்டப் பேசறதா இருக்கறேன். அம்மா, இந்தக் கோர்ட்டு அஞ்சு வருசம் முந்தி ஒரு உத்தரவு போட்டிருக்குது. நான் ஒரு மாசம் தவறுனது இல்லை. இந்த மாசக் கவரையும் கொண்டாந்திருக்கறேன், ஸ்டாம்பும் நானே வாங்கிட்டு வந்துட்டேன். குடுக்கறவன் குடுக்கறேங்கறப்ப, வாங்கறவங்க அவிங்க பாட்டுக்கு வேணாம்னு எந்திரிச்சுப் போயிர முடியுமான்னு கேக்கப் போறேன். முடியாதுங்க. எப்படிங்க முடியும்? சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல?